நீர்க்கட்டி என்ற தப்புப் பெயர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. பேருந்தை விட்டு இறங்கிக் கோயில் பக்கம் திரும்பியதுமே பூக்கடைக்காரம்மா கேட்டுவிடுவார்: "பொண்ணுக்காம்மா, பையனுக்கா?" வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கம் அமர்த்திக்கொண்ட வராகப் பெருமாள் இங்கே நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து அர்ச்சனை செய்து, கையில் திரும்பக் கிடைக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். கல்யாணம் ஆனபின் காய்ந்து சருகாகிப்போன அதே மாலையை எடுத்துக்கொண்டு ஜோடியாக மறுபடி வர வேண்டும்.

போன தை மாதம் அக்காவோடும் அக்கா மகளோடும் அங்கே போயிருந்தேன். அவளுக்கு 24 வயது. அக்காவின் பையில் தேங்காய், வெற்றிலை, புளியோதரை டப்பாவோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் இருந்தது. திரும்பும் வழியில் ஒரு டாக்டரைப் பார்ப்பதாகத் திட்டம். பிரகாரம் சுற்றும்போது அக்கா மகள் என் காதருகே கேட்டாள்: "சித்தி, கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிடணும்னு அம்மா சொல்றாங்க. இது முன்னாடி, பின்னாடின்னு பாத்து வர்ற வியாதியா?"

பிசிஓடி என்றும் பிசிஓஎஸ் என்றும் நீர்க்கட்டி என்றும் வழங்குகிற இந்தக் கோளாறுக்கு நம் வீடுகளில் இரண்டே தேதிகள்தான். ஒன்று கல்யாணத் தேதி, மற்றது பிரசவத் தேதி. அதற்கு முன்னால் "வயசுக் கோளாறு, போகப்போகச் சரியாயிடும்." அதற்குப் பின்னால் "அதான் குழந்தை பொறந்தாச்சே." கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைப் படித்தால் அதன் பெரும்பகுதி இந்த இரண்டு தேதிகளுக்கும் வெளியேதான் இருக்கிறது. அந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது, நம் கரைக்கு அதில் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. கட்டி என்று சொன்னதும் வெட்டி எடுக்க வேண்டியது, உடையக்கூடியது, புற்றாகிவிடக்கூடியது என்று மனம் ஓடும். "கர்ப்பப்பையில நீர்க்கட்டி" என்றுதான் பாதிப்பேர் சொல்கிறார்கள். விஷயம் நடப்பது கர்ப்பப்பையில் இல்லை, அதன் இரு பக்கமும் இருக்கும் சினைப்பைகளில். அங்கே இருப்பதும் கட்டி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் சினைப்பைக்குள் சில முட்டைப்பைகள் வளரக் கிளம்பும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் நிறைய முட்டைப்பைகள் கிளம்பி, 2 முதல் 9 மில்லிமீட்டருக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன. செங்கல்பட்டு ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: பயிர் சூல்கட்டி நிற்கிறது, கதிர் தள்ளவில்லை. முட்டை வெளியே வராததால் புரோஜெஸ்டரோன் சுரக்காது. அது சுரக்காததால் மாதவிலக்கு தள்ளிப்போகும், வரும்போது சிலருக்குக் கொட்டித் தீர்க்கும். ஸ்கேனில் தெரிகிற கரும்புள்ளிகள் நோயின் காரணம் ஆகமாட்டா. நின்றுபோன பயிரின் தடம் அவை.

இந்தத் தடத்தைத்தான் முதலில் கண்டார்கள். இத்தாலிய மருத்துவர் வாலிஸ்னியேரி 1721-ல், குழந்தையில்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சினைப்பைகள் புறாமுட்டை அளவுக்குப் பருத்து வெண்மையாகப் பளபளத்ததை எழுதிவைத்தார். சிகாகோவின் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935-ல் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் நவீன வரலாற்றின் தொடக்கம். மாதவிலக்கு நின்று, சினைப்பை பருத்திருந்த அந்த ஏழு பேருக்கும் வயிற்றைத் திறந்து சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. இருவர் கருவுற்றார்கள். வெட்டியதால் சரியானது என்றால் வெட்டப்பட்டதுதான் நோய் என்று நினைப்பது இயல்பு. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் திசுவின் அளவு குறைந்ததால் கிடைத்த பலன் என்று பின்னால்தான் புரிந்தது. அதற்குள் கட்டி என்ற எண்ணம் பெயரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2012-ல் இந்தப் பெயரே கவனத்தைத் திசைதிருப்புகிறது, மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது.

ஸ்டைனுக்கு 14 ஆண்டுகள் முன்பே, 1921-ல், அஷார், தியேர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இன்னொரு வாசலைத் தட்டியிருந்தார்கள். தாடி முளைத்த பெண்களுக்கு வரும் நீரிழிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த வாசல் திறக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில், எந்தச் சல்லடையில் சலிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று சல்லடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. 1990-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனக் கூட்டத்தில் உருவானது மிக நெருக்கமானது: ஆண் ஹார்மோன் மிகுதியும் இருக்க வேண்டும், முட்டை வெளிவராமையும் இருக்க வேண்டும், ஸ்கேனுக்கு இடமில்லை. 2003-ல் ராட்டர்டாமில் கூடியவர்கள் ஸ்கேனையும் சேர்த்து, மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் போதும் என்றார்கள். கண் பெரிதாகிவிட்டது. 2006-ல் மூன்றாவது தரப்பு, ஆண் ஹார்மோன் மிகுதி கட்டாயம், மற்ற இரண்டில் ஒன்று போதும் என்று நடுவே வந்து நின்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளிவந்தது. ஸ்ரீநகர் மருத்துவர் முகமது அஷ்ரஃப் கனாயியின் தலைமையில் 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களைப் பார்த்தார்கள். முதல் சல்லடையில் 7.2 சதவீதம், மூன்றாவதில் 13.6, ராட்டர்டாமில் 19.6. அதே பெண்கள், அதே ரத்தம், அதே ஸ்கேன். மும்பையில் 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் நடந்த, 2014-ல் வெளியான ஆய்விலும் இதே கதை: ஒரு கணக்கில் 22.5, இன்னொன்றில் 10.7. ஆந்திரத்தில் ஒரு விடுதிக் கல்லூரியின் 460 மாணவிகளிடம் 9.13. கடல் தாண்டி இலங்கையின் கம்பஹாவில், வீடுவீடாகப் போய்ப் பார்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 6.3. "இந்தியப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு" என்று விளம்பரங்களில் படித்தால் அது எந்தச் சல்லடை என்று இனி உங்களுக்குத் தெரியும். மிகக் குறைந்த கணக்கை வைத்துக்கொண்டாலும் பதினாலில் ஒருத்தி. எந்தக் கல்லூரிப் பேருந்தை எடுத்தாலும் அதில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள்.

அக்கா மகளுக்கு முதல் ஸ்கேன் 16 வயதில். 13-ல் பெரியவளானாள். இரண்டரை மாதம் தள்ளிப்போனதும் அக்கா பயந்துபோய் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனாள். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மூத்திரப்பை நிரம்பினால்தான் வயிற்றின் மேலிருந்து சினைப்பை தெரியும். முன்னால் பதினோரு பேர். அவள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனதும் மூன்று நிமிடம். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள்: பைலேட்டரல் பல்க்கி ஓவரீஸ், மல்ட்டிபிள் பெரிஃபெரல் ஃபாலிக்கிள்ஸ், சஜஸ்டிவ் ஆஃப் பிசிஓடி. சினைப்பையின் ஓரம் முழுக்க வரிசைகட்டி நிற்கும் அந்தப் புள்ளிகளை டாக்டர்கள் முத்துமாலை என்பார்கள். அந்த மாலை அன்றைக்கு அவள் கழுத்தில் விழுந்தது, இன்னும் இறங்கவில்லை.

உலகளாவிய வழிகாட்டு நெறி என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஹெலேனா டீட் ஒருங்கிணைத்து, பல நாட்டு மருத்துவ அமைப்புகளும் நோயாளிகளும் சேர்ந்து 2018-ல் எழுதி 2023-ல் புதுப்பித்தது. பிசிஓஎஸ் பற்றிய இன்றைய மருத்துவத்துக்கு அதுதான் அடிப்படை. பதின்வயதுப் பெண்ணுக்கு நோயை உறுதிசெய்ய ஸ்கேனைப் பயன்படுத்தாதீர்கள் என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. பெரியவளாகி எட்டு ஆண்டுகள் வரை ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பையிலும் முட்டைப்பைகள் நிறைய இருக்கும், ஸ்கேன் இரண்டையும் பிரித்துக் காட்டாது. முதல் ஓராண்டு மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போனால், மூன்று ஆண்டு கழிந்தபின் 35 நாளைத் தாண்டினால், அல்லது இரண்டு காலத்திலும் 21 நாளுக்குள் வந்துவிட்டால் கணக்கில் எடுக்கலாம். அதுமட்டும் போதாது. மிகையான முடி, கடுமையான பரு, ரத்தத்தில் கூடிய டெஸ்டோஸ்டிரோன் என்று ஆண் ஹார்மோன் மிகுதிக்கான சான்றும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நோய் என்று பெயர் வைக்காமல், "வாய்ப்பு இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு அறிகுறிக்கு மருந்து கொடுத்து, சில ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏஎம்எச் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையை வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக 2023 நெறி ஏற்றுக்கொண்டது. பதின்வயதினருக்கு அதையும் வேண்டாம் என்றது.

வளர்ந்த பெண்களிலும், முடியும் பருவும் ஒழுங்கில்லாத மாதவிலக்கும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. தைராய்டு, புரோலாக்டின் போன்ற மற்றக் கோளாறுகள் காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் போதும். அதாவது, நல்ல மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் பாதி வேலை முடிந்தது. நம் பக்கத்தில் ஸ்கேன் கிடைக்கிற அளவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை என்பதுதான் தொல்லை. வெளிநாட்டிலும் நிலைமை ரொம்பச் சிறப்பு என்று சொல்லமுடியாது. 1,385 பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், மூன்றில் ஒருவருக்கு நோய் இன்னது என்று தெரியவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஏறக்குறைய பாதிப்பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது.

இனி அந்த இன்னொரு வாசல். 1980-ல் பர்கன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவும், ஆண் ஹார்மோன் கூடிய இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலினும் கூடியிருப்பதைக் காட்டினார்கள். உடல் பருமனால் வந்த இன்சுலினாக இருக்கும் என்று சிலர் தள்ளிவிட்டார்கள். 1989-ல் ஆண்ட்ரியா டுனைஃப் அதையும் சோதித்தார்: ஒல்லியான பிசிஓஎஸ் பெண்களிடமும் இன்சுலின் சரியாக வேலைசெய்வதில்லை. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். சர்க்கரையைப் பொறுத்தவரை செவிடாகிப்போன உடலில் சினைப்பைக்கு மட்டும் காது நன்றாகக் கேட்கிறது. கூடுதல் இன்சுலின் அதைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. கல்லீரலில் அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்தும் விடுகிறது. இரண்டு பக்கமும் அடி. மூளையிலிருந்து வரும் எல்எச் ஹார்மோனின் துடிப்பு வேறு வேகமெடுத்திருக்கும். பயிர் ஏன் சூலோடு நின்றது என்பதற்கு இதுதான் இன்றைக்குச் சொல்லக்கூடிய பதில். இதற்கெல்லாம் முதல் உந்துதல் எங்கே என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. பரம்பரைப் பங்கு கணிசமானது. ஸ்வீடனின் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள தாயின் மகளுக்கு அது வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுதலாக இருந்தது.

நம் வீடுகளில் இந்த இன்சுலின் கதை ஒரு வாக்கியமாகக் காலங்காலமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது: "கழுத்துல அழுக்கு பாரு, நல்லாத் தேச்சுக் குளி." பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தோல் உரிந்த பெண்களை எனக்குத் தெரியும். அது அழுக்கே இல்லை. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பது, இன்சுலின் கூடியிருப்பதற்குத் தோல் எழுதிக்கொடுக்கிற சீட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

தெற்காசியப் பெண்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் கனமானது. இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜேரத்ன இங்கிலாந்தில் இருந்தபோது அங்குள்ள தெற்காசியப் பெண்களையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு 2002-ல் எழுதினார். நம்மவர்களுக்கு அறிகுறிகள் இளம் வயதிலேயே வந்தன, கடுமையாகவும் இருந்தன. இன்சுலின் கோளாறும் கூடுதல். அதனால்தான் நம் உடலுக்கு எடைக் கணக்கே வேறு. உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம். தமிழ்நாட்டில் குறியீடு 25-ஐத் தாண்டிய பெண்கள் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. ஐந்தாண்டில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. இதே மாநிலத்தில்தான் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகையும் இருக்கிறது. தட்டில் சோறு குறையவில்லை, சத்துதான் குறைந்திருக்கிறது.

ஆகவே பிசிஓஎஸ் என்று தெரிந்த அன்றே ஒரு பெண்ணுக்குச் செய்ய வேண்டிய முதல் காரியங்களில் ஒன்று சர்க்கரைப் பரிசோதனை. அதிலும் வெறும் வயிற்று ரத்தம் மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் மிகத் துல்லியம் என்கிறது வழிகாட்டு நெறி. பிறகு, அவரவர் ஆபத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த 75 கிராம் டம்ளரை இந்தக் கரையில் அறியாத தாய் இருக்கிறாளா? சென்னை மருத்துவர் வி. சேஷய்யா கர்ப்பகால நீரிழிவுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, டம்ளரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம், 140-ஐத் தொட்டால் கவனம் என்று எளிமைப்படுத்தினார். 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10-ஐ நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் அந்தத் தித்திப்பைக் குடித்துவிட்டுக் குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களை யாரும் பார்க்கலாம். குளுக்கோஸ் இருக்கிறது, கருவி இருக்கிறது, எழுதிவைக்க நோட்டு இருக்கிறது, கூப்பிட்டு உட்காரவைக்கக் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும்தான் அந்த டம்ளர் நீட்டப்படுகிறது. 19 வயதில் கழுத்துக் கறுத்து, மூன்று மாதமாக மாதவிலக்கு வராத பெண்ணுக்கு அதே பெஞ்சில் இடம் போட்டுவைத்தால், கர்ப்பத்தில் வரப்போகிற சர்க்கரையைக்கூட முன்கூட்டியே பிடிக்கலாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உறுதியான விஷயம். என்னைக் கேட்டால் புதுக் கட்டடம், புது இயந்திரம் எதுவும் வேண்டாம். இருக்கிற டம்ளரை ஐந்தாறு வருடம் முன்னால் நீட்டினால் போதும்.

மருந்துகளுக்கு வருவோம். உணவும் நடையும் முதலில் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். எந்த உணவுமுறை மற்றதைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசியை அடியோடு விடு, கீட்டோ எடு, பாலைத் தொடாதே என்கிற கட்டளைகளுக்கு ஆராய்ச்சித் துணை கிடையாது. வாரம் 150 நிமிடத்துக்குக் குறையாத நடையோ மற்ற உடற்பயிற்சியோ எடை குறையாவிட்டாலும் பலன் தரும். ஆந்திரத்தில் இன்னோர் ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள விடுதி மாணவிகள் 90 பேரை இரண்டாகப் பிரித்து 12 வாரம் ஒரு பாதிக்கு யோகாவும் மறுபாதிக்கு உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். யோகா செய்தவர்களுக்கு இன்சுலின், கொழுப்பு அளவுகள் இன்னும் நன்றாக இறங்கின. சிறிய ஆய்வுதான், நம் ஊர்ப் பெண்களை வைத்துச் செய்தது என்பதால் எனக்குப் பிடித்தது.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முடியையும் பருவையும் குறைக்கவும் முதல் மருந்து கருத்தடை மாத்திரை. இந்தப் பெயரைக் கேட்டதும் தாய்மார்கள் பதறுவார்கள். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதையா குடுக்கிறது? நாளைக்குப் பிள்ளை நிக்காமப் போயிடாதா?" போகாது. மாத்திரையை நிறுத்தினால் அதன் விளைவும் நின்றுவிடும். மாதவிலக்கே வராமல் விடுவதில்தான் சங்கதி இருக்கிறது. புரோஜெஸ்டரோன் இல்லாமல் கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடும். மொத்தத்தில் அது அரிதான ஒன்று என்றாலும் மற்ற பெண்களைவிடப் பல மடங்கு. 90 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அதனால்தான். "வராட்டி நிம்மதிதானே" என்று சிரிக்கிற கல்லூரிப் பெண்களிடம் இந்த ஒரு எண்ணையாவது சொல்லிவைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை, விலை மலிவு, இன்சுலின் பக்கத்தைக் கவனிக்கும். மருந்துக்கடையில் பிசிஓஎஸ் என்றதும் நீட்டப்படும் இனோசிட்டால் பொடிக்குச் சான்று மெலிவு. கெடுதல் அதிகமில்லை, பெரிய பலனும் உறுதியில்லை, பர்ஸுக்குத்தான் பாரம். கழற்சிக்காய்ச் சூரணம், மலைவேம்புச் சாறு, கருப்பு உளுந்தங்களி என்று நம் பக்கம் புழங்குபவற்றில் உளுந்தங்களி நல்ல சாப்பாடு, அதில் எனக்கு வழக்கு இல்லை. கழற்சிக்காய் பற்றிப் பெரும்பாலும் எலிகளிடம் செய்த ஆய்வுகள்தான் பேசுகின்றன. சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு, கைப்பேசியில் வந்த குறிப்பைப் பார்த்து இரண்டு மாதம் விழுங்குவது வேறு.

குழந்தைக்கான மருந்தின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது. லெட்ரோசோல் மார்பகப் புற்றுக்கான மாத்திரை. டொரன்டோவின் மித்வாலியும் காஸ்பரும் 2001-ல் அதைக் கொண்டு முட்டையை வெளிவரச் செய்யலாம் என்று காட்டினார்கள். 2005-ல் ஒரு மாநாட்டில், இந்த மருந்தால் பிறந்த குழந்தைகளிடம் குறைபாடு தென்படுவதாக ஒரு சுருக்கக் குறிப்பு வாசிக்கப்பட்டது. உலகம் பதறியது. அடுத்த ஆண்டே, 2006-ல், 911 குழந்தைகளை வைத்துச் செய்த கனடிய ஆய்வு வெளிவந்தது: குறைபாடுகள் லெட்ரோசோல் தரப்பில் 2.4 சதவீதம், பழைய மருந்தான குளோமிஃபீன் தரப்பில் 4.8. பயத்துக்கு ஆதாரமில்லை. இத்தனைக்கும் பிறகு, 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மை சிகிச்சைக்கு லெட்ரோசோலைத் தடைசெய்தது. தடை இருந்த காலத்திலேயே, 2014-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் லெக்ரோவின் குழு 750 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வந்தது. உயிரோடு குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்கு, குளோமிஃபீனில் 19.1. உலகம் லெட்ரோசோலை முதல் மருந்தாக ஏற்றது. இந்தியாவில் தடை நீங்கியது 2017-ல். ஒரு குறிப்புத் தாளின் நிழல் ஐந்து வருடத்துக்கு மேல் நம் பெண்கள்மேல் விழுந்திருந்தது. எச்சரிக்கையாக இருந்தார்கள் என்று அதை நியாயப்படுத்துவோர் உண்டு. கையில் எண்கள் வந்தபின்னும் அசையாமல் இருப்பதற்கு எச்சரிக்கை என்று பெயரில்லை.

பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பலர் தாமாகவோ இந்த எளிய மாத்திரையாலோ கருவுறுகிறார்கள். சாலை ஓரப் பலகைகளில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்துவிட்டு நேராக ஐவிஎஃப் வாசலுக்குப் போவது வரிசையைத் தலைகீழாக்குவது. வேறு காரணம் எதுவும் இல்லாதபோது நெறியில் அதன் இடம் மூன்றாவது. சீனாவில் 1,508 பிசிஓஎஸ் பெண்களிடம் 2016-ல் வெளியான ஆய்வு, ஐவிஎஃப் செய்ய நேர்ந்தாலும் கருவை உறையவைத்து அடுத்த சுற்றில் வைப்பது நல்லது என்று காட்டியது. சினைப்பை அளவுமீறி வீங்குகிற ஆபத்து 7.1 சதவீதத்திலிருந்து 1.3-ஆக இறங்கியது. அதே சீனாவிலிருந்து 2024-ல் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் வகையை 19 பெண்களுக்குக் கொடுத்து, 12 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கானது என்ற செய்தியும் வந்தது. பத்தொன்பது பேர் என்பதை மறக்காமல் காத்திருப்போம்.

முகத்து முடியைப் பற்றி மருத்துவர்கள் பேசுவதைவிட பார்லர் அக்காக்கள் அதிகம் பேசுகிறார்கள். பாட்டி காலத்தில் கஸ்தூரி மஞ்சள், இன்று திரெட்டிங்கும் லேசரும். 1961-ல் ஃபெர்ரிமனும் கால்வேயும் உடம்பில் முடி முளைக்கும் இடங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள், இன்று ஒன்பது இடங்களை எண்ணுகிறார்கள். மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்று மருத்துவர் தள்ளிவிடலாம், கண்ணாடி முன் நிற்கிறவளுக்கு அது குறைவில்லை. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தாடையைத் தடவிப் பார்க்கிற பெண்ணின் மனச்சோர்வை எந்த ஸ்கேனும் காட்டாது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்டது. நோய் தெரிந்த நாளிலேயே அதைக் கேட்க வேண்டும் என்கிறது நெறி. எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது சிகிச்சைக்கே கேடு என்றும் எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில் "மொதல்ல வெயிட்டைக் குறைச்சுட்டு வா" என்ற ஒரு வாக்கியத்தால் இரண்டு வருடம் மருத்துவர் பக்கமே போகாதவர்கள் உண்டு, அக்கா மகளும் அதில் ஒருத்தி.

பிரசவத்துக்குப் பிறகு? அங்கேதான் பெரிய மௌனம். மாலையாவது பெருமாளிடம் திரும்பி வருகிறது. குழந்தை பிறந்தபின் பிசிஓஎஸ்காரி மருத்துவரிடம் திரும்பி வருவதில்லை, யாரும் கூப்பிடுவதும் இல்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு, எல்லாமே முப்பதுக்கும் நாற்பதுக்கும் மேல்தான் கணக்குத் தீர்க்க வரும். வயது ஏற ஏற மாதவிலக்கு பலருக்குத் தானாகவே ஒழுங்காகும். அதை நோய் போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

அன்று ஒன்பதாவது சுற்றை முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். எதிரே புதுத் தாலியோடு ஒரு பெண்ணும் அவள் கணவனும் துணிப்பையிலிருந்து சருகு மாலையை உதிராமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் கைப்பேசியில் எதையோ எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அறுபத்து மூணு நாள் ஆச்சு சித்தி. அம்மா சொல்ற டாக்டர் இருக்கட்டும், நீங்க சொன்ன அந்த குளுக்கோஸ் டெஸ்ட்டை நாளைக்கே குடுத்துடறேன்." அக்கா காதில் விழாத மாதிரி புளியோதரை டப்பாவைத் திறந்தாள். மகள் கை நீட்டப்போய் நிறுத்திக்கொண்டாள்.

"இதைச் சாப்பிட்டா நாளைக்கு டெஸ்ட்டு தப்பா வருமா?"

"ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் எட்டு மணி நேரம் வெறும் வயிறா இருந்தாப் போதும். இப்ப மணி பதினொண்ணு. நல்லாச் சாப்பிடு" என்றேன்.